முழங்கையைப் பிடி

அக்கா மகனுக்குப் பதினாறு வயது. சனிக்கிழமை இரவுகளில் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். கதை நடத்துபவன் நான். போன ஆண்டு அவன் முதன்முறையாக எங்களோடு ஆட வந்தபோது தன் கதாபாத்திரத்தைப் பள்ளி நோட்டுத்தாளில் எழுதி எடுத்து வந்திருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். கத்தி வாங்கக் காசு இல்லை; வாங்கினாலும் காவலர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். குரு கிடையாது, மடம் கிடையாது, தவம் கிடையாது. படகுக்கும் கரைக்கும் நடுவே போட்ட ஒற்றைப் பலகையில் அரிசி மூட்டையோடு ஏறி இறங்கிப் பழகிய கால். சண்டை என்று வந்தால் கைதான். "மாமா, இவனுக்கு எந்த கிளாஸ்?" என்று கேட்டான். கதாபாத்திரம் எந்த வகை ஆள், அவனுக்கு என்ன திறன் என்பதைச் சொல்வது கிளாஸ். யோசிக்காமல் "மங்க்" என்றேன். வெறுங்கையால் சண்டை போடும் கிளாஸ் அது. விதிப்புத்தகத்தைப் புரட்டி இரண்டு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "இவன் சாமியாரா மாமா?"

பேரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். மங்க்கின் உள்சக்தியைக் குறித்து 'கி' என்று போட்டிருக்கிற இடத்தில் எல்லாம் 'தம்' என்று வைத்துக்கொள் என்றேன். நான்கு வாரம் ஆடினான். ஆனால் அந்த கிளாஸின் உடம்பே வேறு. ஆட ஆட ஆள் நிலை ஏறுவான்; இரண்டாம் நிலையில் கி வருகிறது, ஐந்தாம் நிலையில் ஒரே அடியில் ஆளை உறைய வைக்கும் வித்தை வருகிறது, ஆறாம் நிலையில் முஷ்டியே மந்திர ஆயுதமாகிவிடுகிறது, ஒன்பதாம் நிலையில் சுவரிலும் தண்ணீரிலும் ஓடலாம். மூட்டை தூக்குபவன் எதற்குத் தண்ணீர் மேல் ஓட வேண்டும்? ஐந்தாவது வாரம் அவன் ஒன்றும் சொல்லாமல் வேறொரு தாளோடு வந்தான். வாள்வீரன். நன்றாகத்தான் ஆடினான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு பையன் தன் கற்பனையில் தெளிவாகப் பார்த்த ஆளுக்கு என் மேசையில் இடம் இல்லாமல் போய்விட்டது.

இந்த ஆட்டம் 1974-இல் வந்தது. மறு ஆண்டே, 1975-இல் வந்த இணைப்புப் புத்தகத்தில் மங்க் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து வெறுங்கை என்றால் துறவி, துறவி என்றால் கிழக்கத்திய மர்மம் என்று ஒரு தடம் விழுந்துவிட்டது. 2024 பதிப்பில் 'கி' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கவனக்குவிப்பு என்ற பொருளில் வேறு சொல் வைத்தார்கள். சொல் போனது, தடம் போகவில்லை. வாள் பிடித்தவன் திறமையைப் பயிற்சியால் பெறுகிறான், வில் பிடித்தவனும் அப்படித்தான். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு மட்டும் உள்ளிருந்து ஏதோ ஒரு சக்தி சுரந்தாக வேண்டும். மங்க் ஆடுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது; அழகான கிளாஸ் அது. அது ஒன்றுதான் வழி என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அதுவும் நம்மைப் போல ஆசிய முகம் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில்.

சரி, நானே ஒரு கிளாஸ் எழுதுகிறேன் என்று முடிவு செய்தேன். பெயர் முதலிலேயே கிடைத்துவிட்டது: மல்லன்.

எட்டு முகப் பகடையில் தொலைந்த இரண்டு மாதம்

முதல் இரண்டு மாதம் நான் செய்தது முழுக்கத் தப்பு. எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: குத்துக்கு எவ்வளவு அடி, அதாவது எதிராளியின் உயிர்ப்புள்ளியில் எவ்வளவு குறையும்? 2014 பதிப்பின் விதிப்படி சாதாரண ஆளின் குத்துக்கு ஒரு புள்ளியும் அவன் வலிமையும்தான். நீள்வாளுக்கு எட்டு முகப் பகடை, இரு கையால் வீசும் பெரிய வாளுக்கு இரண்டு ஆறு முகப் பகடை. 2020-இல் வந்த புத்தகத்தில் வெறுங்கைச் சண்டைக்கென்றே ஒரு பாணி உண்டு. இரண்டு கையும் காலியாக இருந்தால் குத்துக்கும் எட்டு முகம். நான் அதை எடுத்து, நிலை ஏற ஏறப் பத்து, பன்னிரண்டு என்று வளர்த்தேன். அட்டவணை அழகாக வந்தது. எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் கணக்குப் போட்டு, ஐந்து நிலைக்கும் வாள்வீரனுக்குச் சமமாக அடி விழும்படி ஆக்கினேன். ஆடிப் பார்த்தால் அது வாள்வீரன்தான். வாள் என்கிற சொல்லை அழித்துவிட்டுக் கை என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

அதோடு அது பொய்யாகவும் இருந்தது. இரும்புக் கவசம் போட்ட ஒருவன் நெஞ்சில் வெறுங்கையால் குத்தினால் யாருக்கு நஷ்டம்? ஒரு கையில் இருபத்தேழு எலும்பு. கெட்டியான எதையாவது முஷ்டியால் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்புதான் பெரும்பாலும் முறியும். அந்த முறிவுக்கு மருத்துவத்தில் குத்துச்சண்டைக்காரன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு விதி எழுதினேன்: பகடையில் ஒன்று விழுந்தால் கை முறியும். இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டேன். உண்மைதான், ஆனால் ஒரு விளையாட்டில் ஆளுக்குத் தண்டனை மேல் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தால் யார் ஆடுவார்கள்?

பிடிப்பதற்கு விதி இல்லையா என்றால், இருக்கிறது. கிராப்பிள் என்று ஒன்று. வென்றால் எதிராளி நகர முடியாது, அவ்வளவுதான். 2014 விதியில் பிடிபட்டவன் வழக்கம்போல வாளை வீசலாம். 2024-இல் கொஞ்சம் திருத்தினார்கள்: பிடித்தவனைத் தவிர வேறு யாரை வெட்டப் போனாலும் தடுமாறுவான். ஆனால் தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் ஆளையே, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிய நிலையில், நாலடி வாளால் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வெட்டலாம். படித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

சின்னம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார்

சின்னம்மா ஓய்வுபெற்ற தாதி. முப்பது வருடத்துக்கு மேல் மனநலப் பிரிவு வார்டுகளில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நாங்கள் பகடை உருட்டுவோம், அவர் சோபாவில் வசந்தம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மறுநாள் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரிப்பார். எங்கள் ஆட்டம் அவருக்கு ஒரு பின்னணிச் சத்தம். அன்றைக்கு நான் அக்கா மகனிடம் என் புது மல்லனை ஒருமுறை ஆடிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். சந்துக்குள் கத்தியோடு ஒருவன் நிற்கிறான். "நான் மூஞ்சில குத்துறேன்" என்று உருட்டினான். ஏழு புள்ளி அடி. கத்திக்காரன் திருப்பிக் குத்தினான். இவன் மறுபடி குத்தினான். "எதுக்குடா அவனப் போட்டுக் குத்துற?" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது.

"அவன் கையில கத்தி இருக்கு சின்னம்மா" என்றேன்.

"கத்தி வச்சிருக்கவன மூஞ்சில குத்தினா கத்தியக் கீழ போட்டுருவானா? கோவம்தான் வரும்."

அப்புறம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். சமையலறையிலிருந்து ஒரு மரக்கரண்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, கத்தி மாதிரிப் பிடி என்றார். அவருக்கு அறுபத்து மூன்று வயது, என் தோள் உயரம். எனக்கு நேர் எதிரே நிற்கவில்லை. கரண்டி இருந்த கைக்கு வெளிப்புறமாக, கொஞ்சம் சாய்வாக வந்து நின்றார். நான் கையை நீட்டினேன். ஒரு கை என் மணிக்கட்டில் சும்மா வந்து அமர்ந்தது. மறு கை முழங்கைக்குச் சற்று மேலே. பலமாகப் பிடிக்கக்கூட இல்லை. ஒரு எட்டு எடுத்து வைத்து, நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி இடுப்பைத் தாழ்த்தினார். என் தோள் தானாகத் திரும்பியது, முகவாய் மேசை விளிம்புக்கு வந்தது. வலி என்று ஒன்றும் இல்லை. கரண்டி இன்னும் என் கையில்தான் இருந்தது, ஆனால் அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெங்காய வாசனை மூக்கில் ஏறியது. "இப்பக் குத்து" என்றார். குத்த வேண்டுமென்றால் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் இடது காலை எடுக்க வேண்டும். என் மொத்த எடையும் அந்த இடது காலில்தான் இருந்தது.

"மணிக்கட்ட மட்டும் பிடிச்சா வழுக்கிட்டுப் போயிரும். முழங்கையப் பிடி. முழங்கை போற பக்கம் தோள் போகும், தோள் போற பக்கம் ஆள் போவான்" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

அன்றிரவு ஆட்டம் அதோடு நின்றது. சின்னம்மா பேச ஆரம்பித்துவிட்டார். ஒரு நோயாளி கட்டுப்பாடு இழந்துவிட்டால் முதலில் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் சட்டைப்பையில் இருக்கும் பேனாவையும் கழற்றி வைக்க வேண்டுமாம். இழுத்துப் பிடிக்க அவர் கைக்கு ஒன்றும் அகப்படக் கூடாது. தனியாக ஒருபோதும் போகக் கூடாது. ஒருவர் மட்டும்தான் பேச வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நாலு குரல் கேட்டால் அந்த மனிதருக்குப் பயம் கூடும். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், தலைக்கு ஒருவர். தலைப்பக்கம் நிற்பவர்தான் முக்கியம், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் அவர். நான் கேட்டேன், அடித்தால் சீக்கிரம் முடிந்துவிடாதா என்று. அவர் முகம் மாறிவிட்டது. "அவங்க நோயாளிடா. நாளைக்குக் காலையில அவருக்கு நான்தான் கஞ்சி கொடுக்கணும்."

படுத்தபிறகும் தூக்கம் வரவில்லை. இரண்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, வெறுங்கை எவ்வளவு அடி கொடுக்கும் என்பது. சின்னம்மா எனக்கு ஒரு அடியும் கொடுக்கவில்லை. என்னால் செய்ய முடிந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். முதலில் நகர்வது போனது, அப்புறம் கரண்டி போனது, கடைசியில் திரும்புவதும் போனது. வாள் எதிராளியின் உயிரைக் குறைக்கிறது. கை அவனுக்கு இருக்கும் வழிகளைக் குறைக்கிறது. இரண்டுக்கும் ஒரே பகடையைக் கொடுத்ததுதான் என் தப்பு.

பறிப்பது என்ற ஒரே விதி

மறுநாள் பழைய அட்டவணையை எல்லாம் தூக்கிப் போட்டேன். மல்லனுக்கு இப்போது இருப்பது மூன்று படி. முதல் படி பிடி: எதிராளி விலகிப் போக முடியாது. இரண்டாவது கை: நீளமான ஆயுதம் எதையும் மல்லன் மேல் பயன்படுத்த முடியாது, கேடயமும் உதவாது. மூன்றாவது நிலம்: எதிராளி கீழே கிடக்கிறான், விடுபட முயல்வதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் பகடையில் வென்றால் ஒரு படி ஏறலாம், தோற்றால் ஒரு படி சறுக்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏறும் ஒவ்வொரு படியும் மல்லனிடமிருந்தும் எதையாவது வாங்கிக்கொள்கிறது என்பது. முதல் படியில் ஒரு கை. இரண்டாவதில் இரண்டு கையும் போய்விடும், வேறு யார் அடித்தாலும் ஒதுங்க முடியாது. மூன்றாவதில் அவனும் தரையில்தான் இருக்கிறான். கூட்டாளி இல்லாவிட்டால் செத்தான். வாள்வீரன் தனியாகப் போய் நாலு பேரைச் சமாளிக்கலாம். மல்லனால் முடியாது. அவனுக்கு எப்போதும் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

அவன் பயப்பட வேண்டியது எதற்கு என்பதும் தலைகீழாகிவிட்டது. பெரிய வாளுக்குப் பயமில்லை, உள்ளே நுழைந்துவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பி. குத்துவாளுக்குத்தான் பயம். இரண்டாம் படியிலும் வேலை செய்வது அது ஒன்றுதான். இது என் கற்பனை இல்லை. 1410-ஐ ஒட்டி ஃபியோரே டெய் லிபேரி என்ற இத்தாலிய ஆசான் எழுதிய போர்க்கலைக் கையேட்டின் ஒரு பிரதி அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அது வெறுங்கைப் பிடிகளில்தான் தொடங்குகிறது. அப்புறம் குத்துவாள், அதற்கும் பிறகுதான் நீள்வாள். கவசம் போட்டவனை வெட்டிப் பிரயோஜனமில்லை, கீழே தள்ளி இடுக்கில் சொருக வேண்டும் என்று அந்தக் காலத்து வீரர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பக்கம் மலாய்க் குத்துவாளான கிரிஸ் அத்தனை சிறியதாக இருந்தும் அத்தனை மதிப்போடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

கழுத்துப்பிடியை வைப்பதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். கழுத்தின் இரு பக்க இரத்தக் குழாய்களும் அழுந்தினால் பத்து வினாடி அளவில் ஆள் மயங்கிவிடுவார். இந்த ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. ஆகவே இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றும் விடாமல் பிடித்தால்? அங்கே ஆட்டக்காரர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், விடுகிறேன் என்றோ விடமாட்டேன் என்றோ. வாளால் வெட்டும்போது இந்தக் கேள்வி வருவதே இல்லை. புள்ளி பூஜ்யத்துக்குப் போகிறது, ஆள் சாகிறான். வெறுங்கைக்காரனுக்குக் கொலை என்பது தனியாக எடுக்க வேண்டிய முடிவு. அந்த விதியை வைத்துக்கொண்டேன். சின்னம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

வர்மம் வேண்டாம் என்றேன்

எங்கள் குழுவில் சிலம்பம் கற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். மல்லன் என்று பெயர் வைத்துவிட்டு வர்மம் இல்லாமலா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம்முடைய கலை, நம்முடைய மேசை. இரண்டு வாரம் இதைப் பேசினோம், ஒருநாள் காப்பிக்கடையில் பிராட்டா ஆறிப்போகும் வரை பேசினோம். ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டால் ஆள் விழுவான் என்று விதி எழுதினால் அது ஐந்தாம் நிலை மங்க் செய்வதுதான், தமிழ்ப் பெயரில். வர்மம் கற்றுக்கொடுக்கும் ஆசான்கள் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வைத்தியம் பார்க்கிறவர்கள்; வருடக்கணக்கான அந்த உழைப்பை ஒரு பகடைக்குள் மந்திரமாகச் சுருக்க எனக்கு மனசு வரவில்லை. நம் வெறுங்கைச் சண்டைக் கலையான குத்துவரிசையின் காலடிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். சாய்வாக நுழைந்து வெளிப்புறம் போய் நிற்பது மல்லனுக்கு இப்போது தனித் திறன்.

தமிழில் தேடினால் மந்திரம் இல்லாத மல்லன் ஏற்கெனவே இருக்கிறான். புறநானூற்று எண்பதாம் பாட்டு. சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதுகிறான். ஒரு கால் எதிராளியின் மார்பை மடக்கி அழுத்துகிறது, மறு கால் அவன் செய்ய வரும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்பக்கம் வளைக்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோலத் தலையும் காலும் இரண்டு பக்கமும் முறிய மோதினான் என்கிறார் புலவர். அருள் இல்லை, வரம் இல்லை. எந்தக் கால் எங்கே இருந்தது என்பதுதான் இருக்கிறது. பள்ளியில் இந்தப் பாட்டை நாங்கள் படித்ததில்லை. நண்பரிடம் கைப்பேசியில் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "ரெண்டாவது கால்தான் உங்க மூணாவது படி" என்றார்.

பெரிய மிருகங்களுக்கு மட்டும் விதி கிடைக்காமல் நாளாகிவிட்டது. புத்தக விதிப்படி உன்னைவிட ஓர் அளவு பெரிய உருவம் வரைதான் பிடிக்க முடியும். அரக்கனை எப்படிப் பிடிப்பது, டிராகனை எப்படிப் பிடிப்பது? பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. ஒரு மனிதன் டிராகனை மடக்கினால் அங்கே மறுபடி மாயம் வந்துவிடுகிறது. வழி காட்டியது ஜல்லிக்கட்டு. திமிலைத் தழுவுகிறவன் காளையை நிறுத்துவதில்லை. கொம்பையும் வாலையும் விட்டுவிட்டுத் திமிலை மட்டும் அணைத்துக்கொண்டு, அது துள்ளும் இடமெல்லாம் கூடவே போகிறான். மல்லனும் அப்படித்தான்: பெரிய உருவத்தின் மேல் ஒட்டிக்கொள்ளலாம், அதன் வாயும் நகமும் எட்டாத இடத்தில் இருக்கலாம், கண்ணை மறைக்கலாம், இறக்கை மடங்கும் இடத்தில் தொங்கலாம். கீழே விழுந்தால் விழுந்ததுதான். பேய்களை அவனால் தொடவே முடியாது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேய்க்கு மந்திரக்காரர் இருக்கிறார்.

போன மாதம் அக்கா மகன் பழைய நோட்டுத்தாளைத் திரும்ப எடுத்து வந்தான். மூட்டை தூக்குபவன். ஓரம் மடங்கியிருந்தது, தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறான். அன்றைய கதையில் ஒரு சுங்கக் கிடங்கு, அதில் முத்திரையிட்ட கடிதத்தோடு கவசம் போட்ட ஒரு வீரன். அவன் உயிரோடு வேண்டும். மற்றவர்கள் வெளியே காவலர்களைப் பார்த்துக்கொள்ள, இவன் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நுழைந்தான். முதல் சுற்றில் பிடி. இரண்டாவதில் தோற்றான், சறுக்கினான், வாள் தோளில் பட்டது. மறுபடி பிடி, அடுத்த சுற்றில் கை. "முழங்கையப் பிடிக்கிறேன்" என்று அவன் சொன்னபோது சிலம்ப நண்பர் மேசையில் தட்டினார். ஐந்தாவது சுற்றில் நிலம். வீரன் குப்புறக் கிடக்கிறான், இவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டான், கூட்டாளிகள் உள்ளே ஓடிவந்து கடிதத்தைத் தேடுகிறார்கள். அவ்வளவு நேரமும் அவன் ஒரு புள்ளி அடிகூடக் கொடுக்கவில்லை. காது வரை சிரிப்பு.

சோபாவில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"குப்புறப் போட்டுட்டு முதுகுல உக்காரக் கூடாதுடா. மூச்சு முட்டிரும். தலைகிட்ட யாரு இருக்கா?"

யாரும் இல்லை. எல்லோரும் கடிதம் தேடிக்கொண்டிருந்தார்கள். இதற்கு நான் விதி எதுவும் எழுதியிருக்கவில்லை. பென்சிலை எடுத்தேன்.

"சரி சின்னப் பாட்டி, பக்கவாட்டுல திருப்பிப் போடுறேன்" என்றான் அவன். பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "மாமா, அதுக்கு உருட்டணுமா?"

வேண்டாம் என்றேன்.